யாரோ ஒருத்திக்கு நடந்தது

இரண்டு பழுப்பு உறைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததையும், அதில் அண்ணனுடையது நான்கு நாளாகப் பிரிக்கப்படாமல் மேஜை மேலேயே கிடந்ததையும் போன வாரம் பார்த்தோம். ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலை, அண்ணன் அதைப் பிரித்து, உள்ளே இருந்த கேள்வித்தாளை ஒரே மூச்சில் நிரப்பி முடித்தார்.

இப்போதுதான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம். அண்ணனின் ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ ஆராய்ச்சி செய்கிறாள். வயது இருபத்தொன்பது ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். மனிதர்களுக்கு வரும் ஆன்மிக அனுபவங்களுக்கும், அவர்களுடைய சுபாவத்துக்கும், மன நிம்மதிக்கும் என்ன சம்பந்தம் என்பது அவள் ஆராய்ச்சி. ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த அண்ணன் தங்கைகளாகப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். நாற்பது ஜோடி வேண்டும். முப்பத்தொன்பதோடு வண்டி நின்றுவிட்டது.

"வீட்டுலயே ஒரு ஜோடியை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறேனே" என்று அவள் அப்பாவையும் அத்தையையும் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்களை அவளே பேட்டி எடுக்கக் கூடாது. அதை வேறொருவர் எடுப்பார். பாப்பாவின் கைக்குப் பெயரில்லாத எண்கள் மட்டும்தான் வரும்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருபத்தாறு வருடமாக விடிவதற்கு முன் எழுந்து, ஒரு மணி நேரம் கண்ணை மூடி அமைதியாக உட்காருகிறவர். வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்கு மேலே உள்ள அறையில் பன்னிரண்டு பேர் அவரோடு சேர்ந்து உட்காருவார்கள். மனசு உடைந்தவர்கள், தூக்கம் வராதவர்கள் என்று ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஆறுதல்.

தங்கையோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வைத்த பெயர் பஸ் அத்தை, அதுவே தெருவுக்கும் பழகிவிட்டது. கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து நான்கு வருடம். தியானம் என்று வாயால் சொல்லிக்கூடக் கேட்டதில்லை. மேலே கூட்டம் நடக்கும்போது கடை வாசலில் நின்று, "அண்ணா, குறட்டைச் சத்தம் கேக்குது, யாருன்னு பாரு!" என்று குரல் கொடுப்பாள்.

அன்று காலை ஏழு மணி பஸ்ஸை ஓட்டி, பிள்ளைகளைக் கொட்டிவிட்டு அவள் திரும்பியபோது சமையலறையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"'நான் எளிதில் எரிச்சலடைவேன்.' இதுக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு போட்டீங்க?" என்றாள் அண்ணி, தாளை எட்டிப் பார்த்தபடி.

"ரெண்டு."

"ரெண்டா! அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்க."

"இது என்னைப் பத்தின கேள்வி."

"குடித்தனம் பண்றவ நான். எரிச்சல்ல குளிச்சு எந்திரிச்சவளுக்குத் தெரியாதா?" அண்ணி இவள் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. நேத்து மூக்குக்கண்ணாடித் திருகாணி ஒண்ணு கீழ விழுந்ததுக்கு என்ன ஆட்டம் ஆடினாரு?"

"அண்ணி, நான் நாற்பதாவது ஜோடி. சாட்சி சொல்லக் கூடாது."

அண்ணன் சிரித்தார். ஆனால் ஒட்டிய உறையை அவர் மறுபடி பிரித்து ஒட்டியதை பஸ் அத்தை பார்த்தாள். பின்னால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எவன் எவனைக் கிள்ளினான் என்று கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள்.

அவளுக்கும் உள்ளூரப் படபடப்புதான். இரண்டு வருடமாகத் தன்னுடையது என்று யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லப்போகிறாள். பெயர் வெளியே போகாது என்று பாப்பா சத்தியம் செய்த பிறகுதான் இவள் பேட்டிக்கே சம்மதித்தாள்.

*

அண்ணனின் சின்னக் காரை அவள்தான் ஓட்டினாள். அண்ணன் ஓட்டினால் சைக்கிள்கூட முந்திப்போகும்.

பேட்டி அறை மூன்றாவது மாடியில். உள்ளே இருந்தது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், பாப்பாவின் மூத்த சகா. அண்ணன் உள்ளே போனதும் முதலில் காதில் விழுந்தது, "உங்க ஃபிரேம் ஒரு பக்கமா சாயுது, கொடுங்க" என்ற அண்ணனின் குரல்தான். பிறகு கதவு மூடியது.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் கழுவினாற்போல் ஒரு சிரிப்பு.

"முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுது. நல்லவங்க. நீ போ." சொன்னவர் அவள் கண்ணைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்புப் புள்ளி எரிந்தது. தூக்கம், பசி, கோபம், கூட்டத்தில் கூச்சம் உண்டா, பாட்டு கேட்டால் அழுகை வருமா என்று கேள்விகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. கடைசியில் அந்த அம்மாள் கேட்டார்:

"உங்களைச் சுத்தி இருக்கற எல்லாத்தோடயும் நீங்க ஒண்ணாயிட்ட மாதிரி, இல்ல உங்களைவிடப் பெரிய ஏதோ ஒண்ணு உங்களைத் தொட்ட மாதிரி, எப்பவாவது இருந்திருக்கா?"

"இருந்திருக்கு" என்றாள் பஸ் அத்தை. "சிரிக்காதீங்க. பஸ் கழுவற எடத்துல."

அந்த அம்மாளின் பேனா சட்டென்று நின்றது.

"எங்க டிப்போல பஸ்ஸை உள்ள விட்டா பெரிய பிரஷ்ஷுங்க சுத்தி சுத்திக் கழுவும். டிரைவர் எறங்கிடணும், நான் எறங்க மாட்டேன். அன்னைக்குப் பின்டயரை முன்னால மாத்தலாமான்னு யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி பூரா சோப்பு நுரை. அதுக்குள்ள வெயில் வந்துச்சு. அவ்வளவுதான். அப்புறம் நான்னு ஒருத்தி இல்ல. ஆனா எல்லாமே இருந்துச்சு. டயர், நுரை, செத்துப்போன என் வீட்டுக்காரர், வெளியில திட்டிக்கிட்டு நின்ன மேஸ்திரி, எல்லாமே. எதுவும் தப்பான எடத்துல இல்ல. மெஷின் நாலு நிமிஷத்துல நின்னுடும். நான் பதினோரு நிமிஷம் கழிச்சுத்தான் எறங்கினேனாம். அழுதுகிட்டே போய் மூணு மணி ட்ரிப்பையும் எடுத்தேன். அன்னையிலேர்ந்துதான் எனக்குத் தூக்கம் வருது."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை… வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"ஒரே ஒருத்தர்கிட்ட. அதுவும் எனக்குன்னு சொல்லல. எங்க டிப்போல யாரோ ஒருத்திக்கு நடந்துச்சாம்னு சொன்னேன்."

அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நேராக்கப்பட்ட கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தொழில் தர்மம் தெரிந்தவர். வாய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் முகம் சொல்லிவிட்டது. பஸ் அத்தைக்குப் புரிந்துபோயிற்று. இதே கதையை இந்த அம்மாள் இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

*

தாழ்வாரத்தில் பாப்பா காபியோடு காத்திருந்தாள். அண்ணன் கீழே காருக்குப் போய்விட்டாராம்.

"அப்பா சிரிச்சுக்கிட்டே போறாரு. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல." காபியை ஊதிக்கொண்டே கேட்டாள்: "ஏன் பாப்பா, அந்த மாதிரி அனுபவமெல்லாம் எப்பேர்ப்பட்டவங்களுக்கு வருது? நல்லவங்களுக்கா?"

"நல்லவங்க கெட்டவங்கன்னெல்லாம் இல்ல அத்தை. பாட்டு கேட்டா அடுப்புல பால் பொங்கறது தெரியாம நிப்பாங்க பாருங்க, அந்த மாதிரி சுபாவக்காரங்கதான் அதிகமா சொல்றாங்க. அதுவும் எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. வந்தவங்கள்ல சில பேரு தேறிடறாங்க, சில பேரு பயந்துபோயிடறாங்க. வராமலே நிறைவா இருக்கறவங்களும் இருக்காங்க."

"உங்கப்பா பாட்டு கேட்டா ரேடியோவுல எங்க திருகாணி லூசா இருக்குன்னு பாப்பாரு."

பாப்பா வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாராவது பொய் சொன்னா உங்க ஆராய்ச்சி என்ன ஆகும்?"

"ஆராய்ச்சி தாங்கிக்கும். ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்." சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று அவள் கப்பைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

இறங்கும்போது கோபம் வந்தது. ஒவ்வொரு படியாக அது ஏறியது. கணவன் போனபின் கிடைத்த ஒரே ஒரு சொத்து அது. அதையும் எடுத்து அண்ணன் தன் சட்டையாகப் போட்டுக்கொண்டாரே! கார்க் கதவைத் திறக்கும்வரை கேட்டுவிடுவது என்றுதான் இருந்தாள்.

உள்ளே அண்ணன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, மருந்துக் கடையில் முறைக்குக் காத்திருக்கும் நோயாளிபோல் உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தாள்.

மூன்றாவது சிக்னல் தாண்டியதும் அவரே சொன்னார்: "குட்டி, வண்டியை ஓரமா நிறுத்து."

ஒரு டயர் கடை எதிரில் நிறுத்தினாள்.

"நான் அங்க பொய் சொல்லிட்டேன்."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் நடந்ததில்ல. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட இல்ல. கால் மரத்துப்போகும், அவ்வளவுதான். இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு உட்கார்ந்தேன். அந்தம்மா கேட்டதும், இல்லன்னு சொல்ல வாயே வரல. உங்க டிப்போல யாரோ ஒரு பொம்பளைக்கு நடந்துச்சுன்னு சொன்னியே, அதை எனக்கு நடந்ததா சொல்லிட்டேன்."

"இதான் முதல் தடவையா?"

அவர் இல்லையென்று தலையை அசைத்தார். "நம்ம தெரு பேக்கரிக்காரர் ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க பார்த்திருக்கீங்களா? பயப்பட ஒண்ணுமில்லையா?'ன்னு கேட்டாரு. கண்ணு ரெண்டும் பயத்துல பிதுங்கிக்கிட்டு இருக்கு. நான் என்ன சொல்லட்டும்? பார்த்தேன்னு சொன்னேன். நுரையையும் வெயிலையும் சொன்னேன். பஸ்ஸை மட்டும் விட்டுட்டேன். மனுஷன் சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. அதுக்கப்புறம் கூட்டத்துல கேட்டாங்க, அங்கயும் சொன்னேன். நாக்குக்குப் பழகிடுச்சு. இன்னைக்கு பஸ்ஸையும் சேர்த்துச் சொன்னேன். உன் வண்டியில வந்தப்போன்னு."

படியில் ஏறிய கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஊருக்கு ஆறுதல் சொல்லும் பெரிய மனிதர் இல்லை. பந்தியில் கடைசிவரை உட்கார்ந்தும் இலை காலியாகவே இருந்த ஒருவர். சொல்லாமலே விட்டுவிடலாம். யாரோ ஒருத்தி யாரோ ஒருத்தியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு பொய்யை இப்போதுதான் அவர் பிடுங்கி வெளியே போட்டிருக்கிறார். அந்தக் குழியில் இவள் இன்னொன்றை நடுவதா?

"அண்ணா, அந்தப் பொம்பள நான்தான்."

டயர் கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அடுத்ததையும் சாய்த்தார். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"அன்னைக்கு அந்தக் கதையைச் சொன்னப்ப நீ சாப்பாட்டுல கை வெச்சுக்கிட்டு ஆறு தடவை திரும்பத் திரும்பக் கேட்ட. உன் மூஞ்சியைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எப்படிண்ணா சொல்றது?"

"நான் கதவைத் தட்டிக்கிட்டே நிக்கறேன்." அவர் குரல் உடைந்தது. "நீ ரோட்டோட போறவ. உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்து உள்ள உட்கார வெச்சிருக்காங்க."

"நான் கேக்கலியேண்ணா."

"அதான் வலிக்குது."

அழுவாரோ என்று அவள் பயந்தாள். அவர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நாற்பது வருடத்து வழக்கம். துடைத்து மாட்டிக்கொண்டு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"எப்படி இருந்துச்சு? யாரோ சொன்னதா இல்லாம, நீயே சொல்லு."

சொன்னாள். இந்த முறை அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் அவளுக்கு மணி ஞாபகம் வந்தது, மூணு மணி ட்ரிப் இருக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது அண்ணன் ஃபோனை எடுத்து அந்த அம்மாளை அழைத்தார்.

"காலையில ஃபிரேம் சரி பண்ணேனே, நான்தான் பேசறேன். நான் சொன்னதுல கடைசி விஷயம் என்னோடது இல்ல. அதை அடிச்சுடுங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. "ஒண்ணுமே நடக்காததையா? அதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?… சரி. வர்றேன்."

ஃபோனை மடியில் வைத்தார். "திரும்ப வரணுமாம். இருபத்தாறு வருஷம் ஒண்ணும் கிடைக்காம தினமும் எதுக்கு உட்கார்ந்தேன்னு சொல்லணுமாம். அதுவும் அவங்களுக்கு வேணுமாம்."

"எதுக்கு உட்கார்ந்த?"

அவர் யோசித்தார். "தெரியல. ஆனா உட்கார்ந்து எழுந்தா அன்னைக்குக் கடைக்கு வர்றவங்க சொல்றது நல்லா காதுல விழும். அவ்வளவுதான் தெரியும்." வீட்டு முனை வந்தபோது மெல்லக் கேட்டார்: "சாயங்காலம் கூட்டத்துல சொல்லிடலாம்னு இருக்கேன். நீயும் வர்றியா? பேச வேணாம். சும்மா இரு."

*

ஆறு மணிக்கு பஸ் அத்தை, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், கடைக்கு மேலே ஏறிப்போனாள். அதுவரை அந்த அறையை அவள் பார்த்ததில்லை. பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு மேஜை, சுவரில் கண் பரிசோதனை எழுத்துப் பலகை. வேறொன்றும் இல்லை. கதவோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டாள். முன்வரிசையில் பேக்கரிக்காரரின் மனைவி இருந்தாள். புருஷன் போனபின் கடையைத் தனியாக நடத்துகிறவள். கைமுட்டியில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"நான் பார்த்தேன்னு உங்ககிட்ட சொன்னதெல்லாம் நான் பார்த்ததில்ல. எனக்கு எதுவும் கிடைச்சதில்ல. இன்னொருத்தருக்கு நடந்ததை என்னோடதுன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு நாவிதர் தயங்கித் தயங்கி, "எனக்கும் ஒண்ணும் வந்ததில்லீங்க. சொன்னா என்னை மட்டும் அனுப்பிடுவீங்களோன்னு இருந்தேன்" என்றார். ஒருவர் லேசாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்.

நாற்காலி கிரீச்சிட்டது. பேக்கரிக்காரம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அப்போ என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னது?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தானே அவரு சிரிச்சாரு? கடைசி சிரிப்புங்க அது. அதைத்தான் நான் இன்னிவரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். பொய்யைக் கேட்டா சிரிச்சாரு? பொய்யோடதான் அனுப்பி வெச்சீங்களா அவரை?"

அண்ணனின் தலை கவிழ்ந்தது. இந்த அடியை வாங்கிக்கொள்ளத்தான் அவர் மேலே ஏறி வந்திருக்கிறார் என்று பஸ் அத்தைக்குப் புரிந்தது. பேச வேண்டாம், சும்மா இரு என்றுதான் சொல்லியிருந்தார்.

"பொய் இல்லம்மா" என்றாள் கதவோரத்திலிருந்து.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"பார்த்தது அவரு இல்ல, அது மட்டும்தான் பொய். நடந்தது நிஜம். நான்தான் பார்த்தேன்."

பேக்கரிக்காரம்மா அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பஸ் கம்பெனிச் சட்டையை, இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை, ஒன்றும் விடாமல் பார்த்தாள். பிறகு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, ஒரு முழ தூரத்தில் நின்றாள். கோபம் முகத்தை விட்டுப் போயிருந்தது. அது போன இடத்தில் இருந்ததைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"உன் வீட்டுக்காரரையும் பார்த்தியா அங்க?"

"பார்த்தேன்னு சொல்ல முடியாதும்மா. இருந்தாரு."

"அப்போ என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரா?" மாவு ஒட்டிய கை அவள் சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "நல்லா இருக்காரா? நீ பார்த்தவ. உனக்குத் தெரியும். சொல்லு."

இருக்காரு, நல்லா இருக்காரு. மூன்றே வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. சொல்லிவிட்டால் இந்த அம்மாள் இன்றைக்குத் தூங்குவாள்.

அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவர் எந்த இடத்தில் நின்றார் என்பது அவளுக்கு இப்போது அடி பிசகாமல் தெரிந்தது.

"சொல்லும்மா" என்றாள் பேக்கரிக்காரம்மா, சட்டையை விடாமல்.